மணிக்கு ஒரு சாம்பிள்

என் அக்காவின் கணவருக்குத் தண்ணீரைக் கண்டால் சந்தேகம். குடிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை, அதை அவரும் மடக் மடக்கென்றுதான் குடிப்பார். எவ்வளவு என்று தெரியாமல் ஓர் இடத்துக்குள் புகுந்துவிட்ட தண்ணீர் மேல்தான் சந்தேகம். இருபத்திரண்டு வருடமாக ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையில் கலவை போடுகிறவர் அவர். இரும்புப் படி ஏறிப் போனால் தகரத்தில் ஒரு சின்ன அறை, உள்ளே ஒரு நாற்காலி, வரிசையாகப் பொத்தான்கள், புழுதி படிந்த கண்ணாடி ஜன்னல். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் எடை பார்த்து அவர் பொத்தானை அமுக்கினால் கீழே லாரி நிரம்பும். மழை பெய்த மறுநாள் மணலைக் கையில் அள்ளிப் பிசைந்துவிட்டு, "இது ஏற்கெனவே குடிச்சிட்டு வந்திருக்கு" என்பார். அது குடித்ததைக் கழித்துக்கொண்டுதான் மீதித் தண்ணீரை ஊற்றுவார். எங்கள் ஊரில் நிற்கிற கட்டிடங்களில் பாதி அவர் தண்ணீர் ஊற்றியவை. எதுவும் விழுந்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஆலையில் அவரைக் 'கலவை' என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அவர் அத்தான். வாயில்லாத மனிதர். சம்பள உயர்வு கேட்கப் போய், மேலாளருக்கு முதுகுவலி என்று தெரிந்ததும் அதை விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஆனால் வேலை விஷயத்தில் யாருக்கும் மசிய மாட்டார். ஒவ்வொரு லாரியிலும் கொஞ்சம் கலவை எடுத்து, இரும்பு அச்சில் கொட்டி, தேதி எழுதி, வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அது இறுகிய பிறகு இயந்திரத்தில் வைத்து நொறுக்கி பலம் பார்ப்பார்கள். இந்தச் சாம்பிள் எடுக்கும் வேலையை இன்னொருத்தர் செய்தால் அத்தானுக்குத் தூக்கம் வராது.

அக்கா குடைத் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனையில் இருக்கிறாள். பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு குடையும் அவள் கையில் ஒரு தடவை விரிந்து மூடும். கம்பி ஒரு நூல் அளவு நெளிந்திருந்தாலும் பேசாமல் ஓரமாகப் போட்டுவிடுவாள். அவளுக்கு ஒன்பது வருடமாக ஒரே ஆசை, மேற்பார்வையாளர் ஆக வேண்டும் என்பது. அந்த வேலை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை மகளுக்குப் பரீட்சை, இரண்டாம் தடவை அத்தானுக்கு முழங்கால் ஆபரேஷன். இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இப்போது மூன்றாவது கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள் என்பது கடிதத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் ஒன்றும் யோக்கியன் கிடையாது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அடுத்த தெருவில் ஓர் அறை. இரவுச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். 'மட்டும்' என்பது என் வார்த்தை. அக்கா அப்படிச் சொல்வதில்லை. ஆகவே அவள் மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனால் முதலில் தெருவுக்கு வருவது என் வயிறுதான். கடிதத்தைப் பார்த்ததும் வாயால் "சபாஷ் அக்கா" என்றேன். வயிறு ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

கடிதம் வந்த அன்று அத்தான் ஒரு காரியம் செய்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே, "நீ போ. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

அக்கா சிரித்தாள். "சுடுதண்ணி வச்சா எறக்கறதுக்கு என்னைக் கூப்பிடற ஆளு நீங்க."

"செஞ்சு காட்டறேன்."

"காட்டுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு ஓவர்டைம். சாயங்காலம் வந்து உக்காந்து சாப்பிடறேன். சாப்பிட்டுட்டு கையெழுத்து போடறதா வேணாமான்னு பாக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் கண் விளையாடவில்லை. அத்தானும் அதைக் கவனித்திருக்க வேண்டும். போன தடவை அவருடைய முழங்காலால்தான் அந்த வேலை போனது. அது அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் அந்தக் காலை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சமையலுக்கு அவர் நம்பியது ஸ்லோ குக்கரை. நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு விபத்தும் இல்லாமல் வேலை செய்ததற்காக ஆலையில் கொடுத்த பரிசு அது. பிரிக்காத பெட்டியோடு பீரோ மேல், பழைய போர்வை மூட்டைக்குக் கீழே கிடந்தது. சனிக்கிழமை இறக்கித் துடைத்தோம். உள்ளே கனமான ஒரு பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, ஒரே ஒரு திருகு. காலையில் போட்டு விட்டால் சாயங்காலம் தானே வெந்து நிற்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. அதன் படத்தில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்தது.

கூட வந்த புத்தகத்தைக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் உரக்கப் படித்தாள். கோழி, கொண்டைக்கடலை, கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் சேர்த்து ஒரு சமையல் குறிப்பு. குறைந்த சூட்டில் ஒன்பது மணி நேரம் என்றதும் அத்தான் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? மெதுவா செட் ஆனாத்தான் பலம். இத எழுதினவன் விஷயம் தெரிஞ்சவன்."

"கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊற வைக்கணுமாம்ப்பா" என்றாள் அவள்.

அத்தான் கையை நீட்டி நிறுத்தினார். "எவ்வளவு தண்ணி குடிக்கும்னு போட்டிருக்கா?"

"இல்ல. ஊற வச்சு வடிகட்டுங்கன்னுதான் இருக்கு."

"வடிகட்டினது போச்சு, சரி. உள்ள போனது?"

"உள்ள போனது உள்ளதான்ப்பா இருக்கும்."

"அதான் சொல்றேன். கணக்கு இல்லாத தண்ணி. அத வச்சுக்கிட்டு நாளைக்கு நான் எப்படி தண்ணி அளக்கறது? காஞ்சதாவே போடுவோம். போற தண்ணியெல்லாம் என் கையால போகட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அது மிகவும் நியாயமாகப் பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஏழு மணிக்குக் கிளம்பினாள். மழைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் குடைத் தொழிற்சாலைக்கு ஞாயிறு கிடையாது. அவள் தெருமுனை திரும்பியதும் அத்தான் ஆலைச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். கேரட்டை மகளின் ஸ்கேலை வைத்து ஒரே அளவாக வெட்டினார். கடலையைத் தராசில் போட்டு எடை பார்த்தார். "இது ஜல்லி" என்றார். உப்பு, மிளகுத்தூள், தண்ணீர் எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்தபடி, ஒரு சொட்டு கூடுதல் குறைவில்லை. கோழித் துண்டுகள் பதினான்கு. எட்டரைக்குத் திருகைத் திருப்பிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதே நாங்கள் மூன்று பேரும் சினிமாவுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒன்பதரைக்கு மூடியைத் திறந்தார்.

"அப்பா! திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஒரு தடவை திறந்தா அரைமணி நேரம் சூடு போயிடுமாம்."

"திறக்காம உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு டம்ளரை எடுத்தார். ஒரு கோழித் துண்டு, ஒரு கேரட், ஒரு கிழங்கு, நாலு கடலை, கொஞ்சம் சாறு. சின்னக் காகிதத்தில் '9.30' என்று எழுதி டம்ளரில் ஒட்டி, ஜன்னல் ஓரத்தில் வைத்தார். "சாம்பிள்னா எல்லாத்துலயும் கொஞ்சம் வரணும்" என்று எனக்கு விளக்கினார். அந்த டம்ளரை நான் தொடவில்லை. கோழி அப்போதுதான் லேசாக வெதுவெதுப்பாகியிருந்தது.

பிறகு மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தார். அங்கே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவர் நெற்றி சுருங்கியது. "இவ்வளவு தண்ணி மேல ஏறிடுச்சு. உள்ள காயுது." ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், ஊற வச்ச தண்ணிக்கே கணக்கு கேட்டீங்க. இப்ப நீங்களே மொண்டு ஊத்தறீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது கலவைத் தண்ணி, மச்சான். இது க்யூரிங் தண்ணி. ரெண்டும் வேற. தளம் போட்டா மேல தண்ணி காட்டறாங்கல்ல? காட்டாம விட்டா வெடிப்பு விழுந்துடும்."

கோழிக் குழம்பில் வெடிப்பு விழுந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் லென்ஸ் தேய்க்கிறவன் இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு என்ன வாதாட முடியும்? பத்தரைக்கு ஒரு சாம்பிள், ஒரு டம்ளர் தண்ணீர். பதினொன்றரைக்கு ஒரு சாம்பிள், ஒரு டம்ளர் தண்ணீர். பன்னிரண்டரையிலிருந்து கோழி சாப்பிடும் பதத்துக்கு வந்துவிட்டது. ஆலையில் சாம்பிளை நொறுக்கிப் பார்க்க இயந்திரம் இருக்கிறது, இங்கே நான் இருந்தேன்.

"கோழி?"

"பிரமாதம் அத்தான்."

"கிழங்கு?"

"நடுவுல கொஞ்சம் நிக்குது."

"கடலை?"

"கடக்குங்குது."

"செட் ஆகல. நேரம் இருக்கு" என்று தண்ணீர் மொண்டார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டரை மணி வாக்கில், கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த மகளிடம் போய், "உங்கம்மா போகட்டும்மா. அவளுக்கு அந்த வேலை ஆகணும்" என்றார். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப அந்த மூடிய விடுங்கப்பா" என்றாள்.

ஐந்தரை சாம்பிளையும் எனக்குக் கொடுத்து, தண்ணீரையும் ஊற்றிவிட்டுக் கரண்டியை விட்டுத் துழாவியவர் ரொம்ப நேரம் துழாவிக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா தேடறீங்க?"

"கோழி."

ஜன்னல் ஓரத்தில் வரிசையாக ஒன்பது டம்ளர்கள் நின்றன. முதல் மூன்றில் இருந்தது ஆறிக் கெட்டுப்போயிருந்தது. மற்ற ஆறும் காலி, அவை போன இடம் நான். பதினான்கில் ஒன்பது போனால் மீதி ஐந்து. அதுவும் நாள் முழுக்க அலசப்பட்டு நார் நாராகப் பிரிந்து சட்டிக்குள் எங்கேயோ மிதந்தது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க ஒரு லாரிக்கு ஆறு கன மீட்டர், மச்சான். மூணு அச்சுக்கு எடுத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். "இங்க தெரியுது."

மகள் ஓடிவந்து திருகை அதிகச் சூட்டுக்குத் திருப்பினாள். அதற்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கடைக்கு ஓடி வேறு சாப்பாடு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அத்தான் வேண்டாம் என்று தலையசைத்தார். "அவ என் சாப்பாட்ட சாப்பிடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வேற ஒண்ண வச்சா அது ஏமாத்து." அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் எரிச்சலும் வந்தது, மரியாதையும் வந்தது.

ஆறரைக்கு அக்கா வந்தாள். பகலெல்லாம் குடை அமுக்கிய கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. கை கழுவச் சமையலறைக்குள் போனவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். நேரம் எழுதிய சீட்டோடு ஒன்பது டம்ளர்கள்.

"என்னது இது, ஆஸ்பத்திரி லேப்பா?"

 ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். ரொட்டியை நறுக்கி நடுவில் வைத்திருந்தோம். அத்தான் அவர் கையாலேயே பரிமாறினார். முதல் கரண்டியை அக்கா தட்டில் விட்டார். விட்டதுதான் தாமதம், சாறு தட்டின் விளிம்பு வரை ஓடி நின்றது. நடுவில் நாலு கேரட்டும் ஒரு கைப்பிடி கடலையும் கரை ஒதுங்கின மாதிரி கிடந்தன. சட்டியில் காலையிலிருந்து இறங்கிய க்யூரிங் தண்ணீரே ஒன்பது டம்ளர். உப்பு காலையில் போட்ட உப்புதான்.

சாப்பிட ஆரம்பித்தோம். கடக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டிலிருந்து கடக். எனக்கு மேல் வரிசையில் ஏற்கெனவே ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அக்கா கையெழுத்துப் போட வேண்டும், அந்த மனிதரின் முகம் விழக் கூடாது, இது இரண்டும்தான் என் மனதில் இருந்தது. என் வயிற்றைக்கூட மறந்திருந்தேன். அதில் ஆறு கோழித் துண்டுகள் இருந்ததும் ஒரு காரணம்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள். அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, ஏதோ ஒரு கடலையை முழுசாக விழுங்கியிருக்கிறாள்.

"கோழி மெத்துன்னு இருக்கு" என்றேன். அது சத்தியம், மத்தியானம் அப்படித்தான் இருந்தது.

அத்தான் நிமிரவே இல்லை. ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து, தண்டனை அனுபவிக்கிறவர் மாதிரி சாப்பிட்டார். முடித்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து மகளும் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் நானும் தட்டை நீட்டினேன். அக்கா இரண்டு வாயோடு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சாச்சா எல்லாரும்?" என்றாள்.

"முடிச்சாச்சு" என்றோம்.

"கடலை வேகல. உப்பு இல்ல. தண்ணியா ஓடுது. கோழியக் காணோம்."

அத்தானின் தலை இன்னும் இறங்கியது. "தண்ணி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"நான் சாப்பாட்டப் பத்தி பேசல. உங்களப் பத்தி பேசறேன்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "மூணு பேரும் தட்ட வழிச்சு சாப்பிட்டீங்க. ரெண்டாந்தடவை வேற போட்டுக்கிட்டீங்க. ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லல. போன செவ்வாக்கிழமை நான் வறுத்த கிழங்கு ஒரு பக்கம் லேசா கருகிடுச்சு. அன்னிக்கு யார் யார் என்ன சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

"அடுப்புல வச்சிட்டு எங்க போனேன்னு கேட்டீங்க நீங்க. இவ ஒவ்வொண்ணா பொறுக்கி ஓரமா வச்சா. டேய், நீ, நேத்திக்கே தேவலாம்னு சொன்னே. அத திங்கக்கிழமை சாப்பிடறப்ப காரம் ஜாஸ்தின்னியே, அதுவும் ஞாபகம் இருக்கு."

நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

"இருபத்தோரு வருஷம். தெனம் ஒரு தட்டுலேருந்தாவது ஒரு குறை வரும். நான் இல்லன்னா இவங்கெல்லாம் எப்படி சாப்பிடுவாங்கன்னு பயந்து ரெண்டு தடவை வேலை வேணாம்னு எழுதிக் குடுத்தேன். நல்லா சாப்பிடறீங்க. கல்லைப் போட்டாக்கூட சாப்பிடறீங்க. நான் போட்டாத்தான் வாய் வருது."

 எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, காது சுட்டது. ஒவ்வொரு ராத்திரியும் அந்த மேஜையில் உட்கார்ந்து, அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டு, சீட்டு எழுதி ஒட்டாத குறையாக மார்க் போட்டிருக்கிறேன்.

அத்தான் மெல்ல நிமிர்ந்தார். எங்களைப் போல அவரும் நொந்துபோயிருப்பார் என்று நினைத்தேன். அவர் கவனமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

"அப்ப... நீ போறியா?"

"போறேன்."

"கையெழுத்து போடறியா?"

"போடறேன்னு சொல்றேன்ல."

"சாப்பாடு?"

"கேவலம்."

"ஆமா" என்றார் அத்தான், முகமெல்லாம் சிரிப்பாக. "லாரியில வந்திருந்தா நானே திருப்பி அனுப்பியிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, தட்டைப் பார்த்தபடியே, "கிழங்கு அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் அப்படி சொன்னேன்னு தெரியல" என்றார்.

 அக்கா பையிலிருந்து கடிதத்தை எடுத்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து விரித்தாள். வீங்கிய கட்டைவிரலோடு பேனாவைப் பிடிக்கச் சிரமப்பட்டாள். கையெழுத்தைப் போட்டு, காய்ந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்து, மடித்து உள்ளே வைத்தாள்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. எண்ணெய் காய்கிற வாசம் வந்தது. ஒரு முட்டை உடைந்தது. நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன், அத்தானும் மகளும்கூடக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது உடையவில்லை. யாருக்கு வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. 'எனக்கும் ஒண்ணு' என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது, அதை அங்கேயே விழுங்கினேன்.

ஒற்றை முட்டையோடு வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். உப்பும் மிளகும் தூவி, ரொட்டியில் வைத்து, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் அக்கா ஒன்றைச் சூடாகச் சாப்பிட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.